உடைய வேண்டிய இடம்

இராவணன் கேட்ட வரத்தில் தேவர், அசுரர், யட்சர், நாகர் எல்லோரும் உண்டு, மனிதர் இல்லை. புல்லுக்குச் சமம் என்று விட்டுவிட்டான். இரணியன் இன்னும் கெட்டிக்காரன். பகலிலும் இரவிலும் சாகக்கூடாது, வீட்டுக்குள்ளும் வெளியிலும் சாகக்கூடாது என்று எல்லாப் பக்கமும் அடைத்து வாங்கினான். அந்திப் பொழுதும் வாசல்படியும் மிச்சமிருந்தன. ஆணவத்துக்கு விழுந்த அடி என்பார்கள் கதை சொல்கிறவர்கள். கோயம்புத்தூரில் லேத் பட்டறை நடத்தும் எனக்கு அது போதவில்லை. அடக்கமானவன் கேட்டிருந்தாலும் அந்த வரத்தில் ஓட்டை இருந்திருக்கும். ஏன் என்பதை ஒரு வண்டி காட்டியது.

எங்கள் வீதித் தம்பி ஒருவன் பைப்பை வளைத்து வெல்டு வைத்து, காட்டுப் பாதையில் ஓட்ட ஒரு பக்கி கட்டியிருக்கிறான். முதலில் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜின். வேகம் பத்தவில்லை என்று எஸ்டீம் காரின் 1298 சிசி இன்ஜினை ஏற்றினான். கியர்பாக்ஸ் பழையதே, நடுவில் ஒரு அடாப்டர் பிளேட். மேட்டில் ஏறிக் குதித்தபோது, காற்றில் வெறுமனே சுழன்ற சக்கரத்தைத் தரை சட்டென்று பிடித்தது. அந்த அடி ஷாஃப்ட் வழியாக ஏறிக் கியர் பல்லை உடைத்துவிட்டது.

கழற்றிப் பார்த்தோம். உடைந்த முகத்தில் ஓரம் பூராவும் மெல்லிய, நைஸான ஒரு வரி. உள்ளே சாம்பல் நிறச் சொரசொரப்பு. மேல்தோலை மட்டும் கடினமாக்கும் கேஸ் ஹார்டனிங் என்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான். உள்ளேயும் அதே கடினத்தை ஏற்றினால் பல் தேயாது. ஆனால் அடி விழுந்ததும் கண்ணாடியாய்த் தெறிக்கும்.

"எஸ்டீம் பாக்ஸையே மாட்டிடலாங்ணா, அப்புறம் கவலையே இல்லீங்க" என்றான். மாட்டினோம். உள்பக்கம் எஸ்டீம் ஸ்ப்ளைன், வெளிப்பக்கம் 800-இன் ஜாயின்ட்டும் ஹப்பும். நடுவுக்கு ஈஎன் 24 எஃகில் ஷாஃப்ட் கடைந்து கொடுத்தேன். அதே மேடு, அதே குதி. கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிப்பக்க சிவி ஜாயின்ட்டின் கேஜ் நொறுங்கி, குண்டுகள் ரப்பர் உறைக்குள் உதிர்ந்து கிடந்தன.

அந்த இருவருக்கும் பிரம்மா சாகாவரம் தர மறுத்ததைத் தந்திரம் என்று நான் நினைப்பதில்லை. பலத்தை ஓரிடத்தில்தான் கூட்ட முடியும்; விழுகிற அடி அடுத்த இடத்தைத் தேடிப் போகும். என் லேத்தின் லீட் ஸ்குருவில், பளு மீறினால் முதலில் முறிந்து மற்றதைக் காக்கும் ஒரு ஷியர் பின் இருக்கிறது. மிஷினைச் செய்தவனே வைத்த பலவீனம் அது. இப்படியிருக்க, சாமியிடம் போய் "எனக்குப் பலம் கொடு" என்றால் எந்த இடத்துக்கு என்று அது திருப்பிக் கேட்காதா?

வரம் வாங்கியவர்களில் பீஷ்மருக்கு இது தெரிந்திருந்தது. நினைத்தபோதுதான் சாவு என்றிருந்தவர், சிகண்டியை முன்னே நிறுத்து என்று தருமனுக்குத் தானே வழி சொன்னார். என் ஷியர் பின் இங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்த மனிதர். பெரிய மனசுதான். ஆனாலும் அந்தச் சிகண்டி முன்பிறவியில் அம்பை. இவர் தூக்கி வந்ததால் வாழ்க்கை போனவள். கிழவர் சாய்ந்த இடத்தில் முதலில் உடைந்தது அவள். அதனால் எங்கே உடையும் என்பதோடு, உடையும்போது யார் மேல் விழும் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தம்பி இப்போது ஜாயின்ட்டையும் பெரிதாகப் போடலாம் என்கிறான். போட்டால் அடுத்து ஹப்தான். ஜாயின்ட் போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஹப் போனால் சக்கரம் கழன்று வண்டி உருளும், பக்கத்து சீட்டில் இருப்பவனையும் சேர்த்து. ஜாயின்ட் 800-உடையதாகவே இருக்கட்டும், உக்கடம் பழைய சாமான் கடையில் இன்னொரு ஜோடி வாங்கி வண்டியிலேயே போட்டு வை என்று சொல்லியிருக்கிறேன்.