மீண்டும் வரும் நோயும் முன்வினையும்

உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில் உள்ள நடுவட்டத்தில், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் சின்கோனா மரங்களை 1860-களில் அரசாங்கத்தார் பயிரிட்டனர். பார்வைக்கு ஒன்றேபோல் நிற்கும் இரு மரங்களில் ஒன்றன் பட்டையில் குவினைன் செறிந்தும் மற்றொன்றில் அருகியும் இருக்கக்கூடுமாதலால், கண்ணால் நிர்ணயிக்க முடியாத அந்தப் பேதத்தைச் சோதித்தறிய 1866-இல் ஜான் பிரௌட்டன் என்ற ரசாயன நிபுணரை நீலகிரியில் நியமித்தார்கள். புறத்தோற்றத்தைக் கொண்டு உள்ளியல்பைத் தீர்மானிப்பது அவிவேகம் என்ற பாடம் அம்மலைக்குப் பழையது.

ஆயினும் மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது அப்பாடத்தை மறந்துவிடுகிறோம். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வாழும் ஒருவர், காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை விழுங்கிக் குணமடைந்து, மறுபடி கொழுந்து பறிக்கப் போய், ஓரிரு ஆண்டில் மீண்டும் இருமத் தொடங்கினால், "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்" என்பார் ஒரு சாரார், "முன்வினை விடுமா?" என்பார் மற்றொரு சாரார். முன்னது வைத்தியம் போலவும் பின்னது வேதாந்தம் போலவும் தொனித்தாலும், இரண்டும் நோயாளியையே குற்றவாளியாக்குகின்றன. இத்தீர்ப்புக்கு ஆதாரம் உண்டா?

சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், நீலப் பின்னணியில் சிவந்த மெல்லிய கோல்களே தெரியும். முதல் நோயின் கிருமிக்கும் இரண்டாம் நோயின் கிருமிக்கும் அங்கே வேற்றுமை காண இயலாது. வேற்றுமை மரபணுத் தொடரில் மறைந்திருக்கிறது. 1998-இல் முழுமையாகப் படித்தறியப்பட்ட அத்தொடரில் சுமார் 44 லட்சம் எழுத்துகள் உள்ளன. அதில் இடம்விட்டு இடம் தாவும் ஐஎஸ்6110 என்ற துண்டு எத்தனை இடங்களில் அமர்ந்திருக்கிறது என்று பார்த்து வகை பிரிப்பது ஒரு முறை. தென்னிந்தியக் கிருமிகள் பலவற்றில் அத்துண்டு ஒன்றே ஒன்றுதான் இருப்பதால், அம்முறை மட்டும் இங்கே போதவில்லை. ஆகவே 43 இடைத்துண்டுகளில் எவை உள்ளன, எவை இல்லை என ஆராயும் ஸ்பாலிகோடைப்பிங் போன்ற முறைகளையும் துணைக்கொள்கிறார்கள்.

இரு நோய்களின் கிருமிகளும் ஒத்திருந்தால் பழையது மீண்டதாகவும், வேறுபட்டால் புதிதாகத் தொற்றியதாகவும் கொள்வது மரபு. 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வாறு ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் பழைய கிருமியே மீண்டிருந்ததையும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் புதிய கிருமி வந்திருந்ததையும் கண்டார்கள்.

புதிய கிருமியெனில், நோயாளி முன்பு மாத்திரை உண்டதற்கும் உண்ணாததற்கும் அதனோடு சம்பந்தமில்லை; அது இன்னொருவர் மூச்சிலிருந்து, காற்றோட்டமற்ற அறை வழியாக வந்தது. பழையதே மீண்டதெனினும் பழி அவருடையதாகிவிடாது; மருந்தைத் தவறாமல் உண்டவரின் உடலிலும் சில கிருமிகள் ஒடுங்கிக் கிடந்து பின்னர் தலைதூக்குவதுண்டு. "எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்கே சோதனை விடை தருகிறது, "யார் பாவி?" என்பது அதன் கேள்வியே அன்று.

கர்மக் கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவன் தன் நெஞ்சைத் தானே ஆராய்ந்து திருந்துவதற்காக ஞானிகள் அளித்த அந்த விசாரத்தை, அயலாரின் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்க எடுத்தாளும்போது, கருணை செய்யும் கடமையிலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொள்ளும் சாக்காக அது தாழ்ந்துவிடுகிறது. வினைப்பயனை விசாரித்தே தீரவேண்டுமெனில், ஜன்னலில்லாத அறையில் ஒரு குடும்பத்தை நெருக்கி வைத்தவர்களும், அதைக் கண்டும் வாளாவிருந்த நாமும் முதலில் விசாரணைக்கு நிற்க வேண்டும். பேதத்தைச் சூட்சுமமாக அறிவது அதர்மமன்று. அறிந்ததை ஒருவரை ஒதுக்குவதற்குப் பயன்படுத்துவதே அதர்மம். ஆகையால் மீண்டும் இருமுகிறவரிடம் சென்று, "என்ன பாவம் செய்தாய்?" என்று கேட்பதை விட்டு, மருந்தும் உணவும் காற்றும் அவருக்குக் கிடைக்கின்றனவா என்று கேட்டு, கிடைக்காதவற்றைக் கிடைக்கச் செய்வதே பக்திமானுக்கும் விஞ்ஞானிக்கும் பொதுவான தர்மமாகும்.