விற்பனைக்கு அலங்கரித்த வீடு

சென்ற ஆண்டு ஒரு நாள், இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பெரியவர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. வீட்டை விற்கப் போகிறேன். விற்பதற்கு முன்னால் அதை அழகுபடுத்தி வைக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமாகச் செய்யுங்கள் காக்கா, இதில் என்ன சந்தேகம்?" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய கேள்வி இன்னும் முடியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அது அவருடைய பாட்டனார் கட்டிய வீடு. கடற்கரை ஊர்களில் நம் வாசகர்கள் பார்த்திருக்கக் கூடிய வகைதான். வாசலில் திண்ணை, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பர்மாத் தேக்கில் தூண்களும் உத்திரங்களும், சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர்கள். பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கிறார்கள். கடனோ ஏறிக் கொண்டே போகிறது. வீட்டைப் பார்த்த தரகர் ஒரு பட்டியலே சொல்லிவிட்டுப் போயிருந்தார். பழைய தட்டுமுட்டுச் சாமான்களை அப்புறப்படுத்த வேண்டும். கூடத்தில் நல்ல சோபாவும் கம்பளமும் இரவல் வாங்கிப் போட வேண்டும். தூண்களைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். இருட்டறைகளில் விளக்குப் போட வேண்டும். உப்புப் பூத்து உதிரும் வடக்குச் சுவருக்குப் புதிதாகச் சாயம் அடித்து, அதன் முன்னே பெரிய அலமாரியை நிறுத்த வேண்டும். கறையான் அரித்த உத்திரம் தெரியாதபடி கீழே துணி கட்ட வேண்டும். ஈர வாடை வராமலிருக்கச் சாம்பிராணி போட வேண்டும்.

"இதில் எது கூடும், எது கூடாது?" என்பதே அவருடைய கேள்வி.

அழகுபடுத்துவதை மார்க்கம் வெறுக்கவில்லை. அல்லாஹ் அழகை நேசிக்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒட்டடை அடித்த வீட்டையும் துடைத்த தூணையும் வாங்குபவரும் அப்படியே பெற்றுக் கொள்கிறார். இரவல் சோபா வீட்டோடு சேர்ந்து வராது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதுவரை சிக்கல் இல்லை. அந்த அலமாரியில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்த சம்பவம் முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்து விட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

இந்த ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வியாபாரி தானியத்தில் தண்ணீர் ஊற்றவில்லை, மழை நனைத்தது. அவர் வாயால் பொய்யும் சொல்லவில்லை. கேட்டதும் உண்மையைச் சொன்னார். காய்ந்ததை மேலேயும் நனைந்ததைக் கீழேயும் இருக்க விட்டாரே, அதுதான் அவர் செய்த குற்றம். பல நாள் பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்த ஆட்டைச் சந்தைக்குக் கொண்டு வருவதையும் நபியவர்கள் தடுத்தார்கள். அதை வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். அங்கேயும் நாக்கு பொய் சொல்லவில்லை. மடி பொய் சொல்லிற்று. அலமாரியும் அப்படிப் பொய் சொல்லக் கூடியதே.

"வாங்குபவருக்குக் கண் இல்லையா? பழைய வீட்டில் குறை இருக்கும் என்று தெரியாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொருளின் மதிப்பைக் குறைப்பதும், அந்த வகைப் பொருளில் பெரும்பாலும் காணப்படாததும் எதுவோ அதுவே குறை என்று நம் ஃபுகஹாக்கள் வரையறுத்திருக்கிறார்கள். ஆகவே நூறாண்டு வீட்டில் தேய்ந்த வாசற்படியும், மங்கிய தரையும், சிறிய ஜன்னலும் குறையாகா. தலைக்கு மேலே கறையான் அரித்த உத்திரம் குறைதான். நம் நாட்டுச் சட்டமும் இதையே கேட்கிறது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை வெளிப்படுத்த வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் கூறுகிறது.

"உள்ளது உள்ளபடி விற்கிறேன்" என்று எழுதி விட்டால் தீர்ந்ததா? ஷாஃபியீ மத்ஹபில் வீட்டின் மறைந்த குறைகளுக்கு அந்த வாசகம் பொறுப்பை நீக்காது. ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஆனால் தெரிந்தே மறைத்த பாவம் எந்த மத்ஹபிலும் நீங்காது.

இந்தக் கடமை விற்பவரோடு நிற்பதுமில்லை. ஒருவர் 300 திர்ஹமுக்கு ஒட்டகம் வாங்கிப் போனபோது, அதன் பாதத்தில் ஓட்டை இருப்பதைப் பின்னால் ஓடிச் சென்று சொன்னார்கள் ஸஹாபி வாஸிலா (ரலி) அவர்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விலையில் 100 திர்ஹம் குறைந்தது. வியாபாரத்தைக் கெடுத்து விட்டீரே என்று விற்றவர் கடிந்து கொண்டார். அந்த ஒட்டகம் வாஸிலா (ரலி) அவர்களுடையதன்று. அப்படியிருக்க, தரகரும், சாயம் அடித்தவரும், அடுத்த வீட்டுக்காரரும் நமக்கென்ன என்று இருந்து விட முடியுமா? விசாரித்து வந்தவரிடம் உள்ளதைச் சொல்வது புறம் பேசுவதாகாது.

நான் பெரியவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "காக்கா, வீட்டில் செய்திருக்கும் ஒவ்வொரு அலங்காரத்தின் முன்னும் நின்று பாருங்கள். வாங்க வந்தவர் இதைக் கையால் விலக்கினால் என் நெஞ்சு படபடக்குமா என்று கேட்டுக் கொள்ளுங்கள். படபடக்காது என்றால் இருக்கட்டும். படபடக்கும் என்றால் நீங்களே முதலில் விலக்கிக் காட்டி விடுங்கள்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கடனை அடைப்பதும் கடமைதானே ஹஜ்ரத்?" என்றார். ஆம், கடமைதான். ஆனால் என் கடனை அறியாத ஒருவர் தலையில் ஏற்றிவிட்டால் கடன் தீர்ந்ததாகாது. கடன்காரர் மாறுகிறார், அவ்வளவுதான். மறுமையில் அது மீண்டும் நம்மிடமே வந்து நிற்கும்.

இதைச் சொல்லும்போது எனக்குள் கூச்சமாகவே இருந்தது. நஷ்டம் அவருக்கு, ஃபத்வா கொடுப்பவனுக்கு ஒரு காசும் குறையவில்லை.

அவர் அலமாரியை நகர்த்தினார், துணியை அவிழ்த்தார். முதலில் வந்தவர் உத்திரத்தைப் பார்த்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. இரண்டாவதாக வந்தவர் கொத்தனாரையும் ஆசாரியையும் அழைத்து வந்து பார்த்து, செலவைக் கழித்துக் கொண்டு வாங்கினார். கடனில் ஒரு பங்கு இன்னும் நிற்கிறது. மறைவான வழியில் அந்தப் பணம் திரும்பி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், வரவில்லை. உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்துவோரின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி. அந்த பரக்கத் எப்போதும் ரூபாய்க் கணக்கில் வரும் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

சென்ற மழைக்காலத்தில் அவரைப் பார்த்தேன். "அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறேன். வாங்கியவர் திண்ணையில் இருந்தால் கூப்பிட்டு ஸலாம் சொல்கிறார். நானும் நின்று பேசிவிட்டு வருகிறேன்" என்றார்.

விற்ற வீட்டின் முன்னால் தலை குனியாமல் நடந்து போகும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.