மூலக்கொத்தளமும் தகவல்தொடர்பியலும்

கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்று, 1939இல் அடுத்தடுத்து உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் வடசென்னையின் மூலக்கொத்தளம் இடுகாட்டில் துயில்கிறார்கள். தகவல்தொடர்பியல் படிப்போர் முதலில் வரவேண்டிய இடம் இதுதான் என்பேன். எழுத்தறியாதோரே மிகுந்திருந்த சென்னை மாகாணத்தில், ஒரு பள்ளிப் பாட ஆணையைப் பத்திரிகை மட்டுமே வீட்டுக்கு வீடு பேசவைத்திருக்க முடியாது. மேடைப் பேச்சும் மறியலும் இறுதி ஊர்வலமும் சேர்ந்தே அதைச் செய்தன. 1940 பிப்ரவரியில் ஆணை விலக்கப்பட்டதற்குப் போர்க்கால அரசியல்தானே காரணம், ராஜாஜி அமைச்சரவை அதற்கு முன்பே விலகிவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தெருவில் அந்தச் சூடு இல்லாதிருந்தால், ஆளுநருக்கு அந்தக் கோப்பைத் தொடவேண்டிய தேவையே இருந்திருக்காது.

அதே 1940இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டு குழு அதிபர் தேர்தல் வாக்காளர்களை ஆராய்ந்தது. வானொலி, பத்திரிகையைவிட அக்கம்பக்கத்தார் பேச்சே முடிவுகளை அதிகம் அசைக்கிறது என்று கண்டது. அந்த ஊர்க் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும்? பாதிதான் பொருந்தும். அவர்கள் தனித்தனி வாக்காளரைக் கேட்டார்கள். இங்கோ திரண்ட கூட்டமே செய்தியாக இருந்தது. இந்தக் குறையைப் பெரிதும் ஈடுசெய்தவர் பெர்னார்ட் பேட். தமிழ் மேடைப் பேச்சையே ஆய்வுப்பொருளாக்கி, மதுரையில் தங்கிக் கேட்டு, 2009இல் அவர் நூலாக்கினார். வடசென்னையின் துறைமுக, ஆலைத் தொழிலாளர் கூட்டங்களுக்கும் அத்தகைய ஆய்வு வேண்டும்.