ஓதம்

வீட்டை விற்கிறவர் அதன் குறையைத் தாமாகச் சொல்ல வேண்டுமா, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா? கேள்வி என்னவோ சின்னதுதான். ஆனால் ஏற்காட்டில் ஒரு பிற்பகல் அது என்னைத் தலைகுனிய வைத்தது.

சேர்வராயன் மலையில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். தோட்டக்காரர்களும், வெயிலுக்குப் பயந்தவர்களும் பின்னாலேயே வந்து வீடு கட்டிக்கொண்டார்கள். என் சிநேகிதரின் வீடு, கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக அவருடைய தாத்தா கட்டியது. பின்புறம் மலைச்சரிவு. வருஷந்தோறும் மழை இறக்கிய மண், வீட்டின் தளத்தைவிட உயரமாகச் சுவரோடு சாய்ந்து கிடந்தது. ஈரம் சுவருக்குள் ஏறிற்று, உப்புப் பூத்தது. நண்பர் அதன்மேல் சிமெண்டைப் பூசினார். அடுத்த மழைக்காலத்தில், இடுப்பளவு இருந்த ஓதம் தோளளவுக்கு வந்துவிட்டது!

கிழக் கொத்தனார் ஒருவர் காரணம் சொன்னார்: "சுண்ணாம்புச் சுவரு குடிச்ச தண்ணியைக் காத்துல விட்டுடுமுங்க. நீங்க அதன் வாயை அடைச்சிட்டீங்க. அது வேறே வழி தேடி மேலே போகுது."

மண்ணை வெட்டித் தள்ளி, வாய்க்கால் எடுத்து, சிமெண்டைக் கொத்தி, காயவிட்டுக் காரை பூச வேண்டும். தடித்த சுவர் காய மாதக்கணக்காகும். செலவைக் கேட்ட நண்பர் வீட்டையே விற்றுவிடத் தீர்மானித்தார். கோடையில் சுவர் சற்று உலர்ந்ததும் வர்ணம் அடித்தார்.

வாங்க வந்தவர் ரிடையரான பள்ளிக்கூட வாத்தியார். இருமலால் அவதிப்படும் தம் தாயாருக்கு அந்தப் பின்னறையையே ஒதுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கள் சார், வீடு எப்படி?" என்றார்.

"அந்தக் காலத்துக் கட்டடம், அசையாது" என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. உண்மையை மட்டுமே சொல்லி ஒரு மனிதரை ஏமாற்ற முடியும் என்பதற்கு நானே சாட்சி.

விற்பவருக்குத் தெரிந்து, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது, 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. கண்ணுக்குத் தெரிகிற ஓதத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது மௌனம். வர்ணம் அடித்துவிட்டுப் பேசாமலிருப்பது பொய். ஆனால் சட்டம் விற்பவரைத்தான் கட்டுகிறது. பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த என்னைக் கட்டாது. அந்தச் சௌகரியத்தில்தான் நான் பேசிவிட்டேன்.

நண்பர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். தம்முடைய பொய்யைச் சகித்துக்கொண்டிருந்தவருக்கு, தமக்காக இன்னொருவன் சொன்னதைச் சகிக்க முடியவில்லை போலும். எழுந்து போய்ப் பீரோவை நகர்த்தினார். அதன் பின்னால் வர்ணம் அப்போதே உப்பிக் கிளம்பியிருந்தது.

வாத்தியார் வீட்டை வாங்காமலே மலையிறங்கினார். நண்பருக்கு நஷ்டம்தான், ஆனாலும் அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை. அவர் தம் சுவரைத் திறந்து காட்டிவிட்டார். நான் சொன்னதை நானல்லவா திரும்ப எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்?