வைகையும் வினையும்

வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 71 அடி. மலைக்காடு அழிந்து அரித்துவந்த வண்டல் அதன் கொள்ளளவைக் குறைத்துள்ளது. நிலக்கரி, எண்ணெய்ப் புகையால் புவியும் வெம்மையுறுகிறது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியாக ஈரம் ஏற்கும். ஆதலின் மழை பெய்தால் கொட்டுகிறது, பொய்த்தால் நிலம் விரைந்து வறள்கிறது.

கடைமடையான இராமநாதபுரத்து உழவர் வருந்துவது அவர்தம் பழவினை என்று நாம் அமைதல் தகுமோ? அவ்வாறு அமையின், பிறரை வருத்தும் செயலால் நம்மைக் கட்டும் புதுவினையை மறந்தவராவோம்.

நீரை வடிகட்டிப் பருகும் நாம், நீருயிரையும் காற்றுயிரையும் வருத்தும் புகையை மட்டும் தடையின்றி விடுகிறோம். அவ்வினை ஊற்றை அடைக்கும் செறிப்பு, மிகுபொருள் விரும்பாமையே. வேண்டாத விளக்கை அணைப்பதும் ஒரு நோன்பெனக் கொள்வோமாக.