பள்ளிப் பாடநூல்களில் அவசரநிலைக் கால வரலாறு: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒரு நாடு தன் பிழையைத் தன் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பது கல்வியியல் வினா மட்டுமன்று; அறவியல் வினாவுமாகும். விடுதலைப் போராட்டத்தையும் வெற்றிகளையும் தயக்கமின்றிப் பேசும் பாடநூல், ஆட்சியே குடிமக்களின் உரிமையைப் பறித்த காலத்தைப் பேச நேரும்போது தடுமாறுகிறது. பாடநூலை எழுதச் செய்வதும் ஆட்சி. அதில் குற்றஞ்சாட்டப்படுவதும் ஆட்சி என்பதே இத்தடுமாற்றத்தின் காரணம். இந்தியாவில் 1975 சூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நிலவிய அவசரநிலையைப் பள்ளிப் பாடநூல்கள் கற்பிக்கும் முறையையும், அதில் அமைய வேண்டிய அறநோக்கையும் பெங்களூருச் சான்றுகளின் துணையுடன் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெங்களூரும் அவசரநிலையும்

அவசரநிலை தில்லியில் அறிவிக்கப்பட்டதாயினும் அதன் முதற்கட்டக் கைதுகளுட் சில பெங்களூரில் நிகழ்ந்தன. நாடாளுமன்றக் குழுப் பணிக்காக வந்திருந்த வாச்பாய், அத்வானி, மது தண்டவதே, சியாம் நந்தன் மிசுரா ஆகியோர் 1975 சூன் 26 அன்று கைது செய்யப்பட்டு மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டனர். ‘சம்ஸ்காரா’ (1970) என்னும் கன்னடத் திரைப்படத்தில் நடித்த சினேகலதா ரெட்டி 1976 மே மாதம் இந்நகரில் சிறைப்படுத்தப்பட்டார். ஆஸ்துமா நோயாளியான அவர், குற்றம் எண்பிக்கப்படாமலேயே ஏறத்தாழ எட்டுத் திங்கள் சிறையிலிருந்து, வெளிவந்த சில நாள்களில் 1977 சனவரி 20 அன்று உயிர்நீத்தார். அவர்தம் சிறை நாட்குறிப்பு பின்னர் நூலாயிற்று. அச்சிறை இருந்த இடம் 2008ஆம் ஆண்டு முதல் ‘ஃபிரீடம் பார்க்’ என்னும் பூங்காவாக விளங்குகிறது.

சிறைப்பட்டோரின் ஆட்கொணர்வு மனுக்களை ஏற்று விசாரிக்கலாம் எனக் கர்நாடக உயர்நீதிமன்றம் உள்ளிட்ட பல உயர்நீதிமன்றங்கள் கருதின. ஆயின் உச்சநீதிமன்றம் 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகளின் பெரும்பான்மையால் அக்கருத்தைத் தள்ளியது. எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். மூப்பின்படி அவருக்குரிய தலைமை நீதிபதிப் பதவி 1977இல் வேறொருவருக்கு அளிக்கப்பட்டது. பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்றுதான் அத்தீர்ப்பு தவறானதென வெளிப்படையாக நீக்கப்பட்டது. அவ்வாறு நீக்கி எழுதிய டி.ஒய். சந்திரசூட், 1976இன் பெரும்பான்மை நீதிபதிகளுள் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் என்பது குறிப்பிடத்தக்கது. மகனுக்காக முறை வளைக்காத தந்தையைப் போற்றும் தமிழ் மரபில், தந்தையின் பிழையை மறைக்காத மகனுக்கும் இடமுண்டு.

பாடநூல் எழுதும் அதிகாரம்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2007இல் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல், அவசரநிலைக்கெனத் தனி இயலொன்றை அமைத்தது. தில்லித் துருக்மான் வாயில் குடியிருப்பு இடிப்பும், கேரள மாணவர் ராசன் காவலில் இறந்ததும் அதில் இடம்பெற்றன. அவசரநிலை தேவைதானா என்னும் வினாவுக்கு அரசுத் தரப்பும் எதிர்த் தரப்பும் கூறிய விடைகள் அருகருகே வைக்கப்பட்டன. காங்கிரசு தலைமையிலான அரசு நடுவில் ஆண்ட காலத்தில், அக்கட்சித் தலைவரின் பிழை பேசப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

2022இல் பாடச்சுமைக் குறைப்பின்பேரில் அவ்வியலின் சில பகுதிகள் நீக்கப்பட்டன. கருத்து மாறுபாடுகளையும் அத்துமீறல்களையும் பேசியவை அவற்றுள் அடங்கும். அவசரநிலையில் சிறைப்பட்டோரைத் தம் முன்னோடிகளாகக் கொண்ட கட்சி ஆண்ட காலத்தில் இது நிகழ்ந்தது. அந்நூலின் தலைமை ஆலோசகர்களான சுகாசு பல்சிகரும் யோகேந்திர யாதவும் 2023இல் தம் பெயர்களை நீக்குமாறு வேண்டினர். அடுத்த ஆண்டு நடுவண் அரசு சூன் 25ஐ அரசியலமைப்புப் படுகொலை நாளாக அறிவித்தது. பாடத்தில் சுருங்கியது நாட்காட்டியில் விரிந்தது.

இம்முரண் புதியதன்று. அவசரநிலையை வீழ்த்தி 1977இல் ஆட்சிக்கு வந்த சனதா அரசின் காலத்தில்தான் ஆர்.எஸ். சர்மாவின் பண்டைய இந்திய வரலாற்றுப் பாடநூல் 1978இல் விலக்கப்பட்டது. கர்நாடகத்தில் 2022இல் பாரதிய சனதா அரசு திருத்திய பாடங்கள் சிலவற்றை 2023இல் காங்கிரசு அரசு நீக்கியது. ஒவ்வோர் ஆட்சியும் பிறர் பிழையை நினைவிலிருத்தவும் தனக்கு ஒவ்வாததை அகற்றவும் விழைவது இவற்றால் புலனாகிறது.

ஏற்றவர்களின் வரலாறு

அவசரநிலையை ஒருவரின் பதவி வேட்கையாகவும், 1977 தேர்தலை மக்கள் அளித்த தண்டனையாகவும் கூறி முடிப்பது எளிது. தென்னாட்டு மாணவருக்கு இக்கதை பொருந்தாது. அத்தேர்தலில் கர்நாடகத்தின் 28 தொகுதிகளுள் 26இல் காங்கிரசு வென்றது. தமிழகத்தில் கருணாநிதி அரசு 1976 சனவரி 31 அன்று கலைக்கப்பட்டது. சென்னைச் சிறையில் தி.மு.க.வினர் தாக்கப்பட்டனர், சிட்டிபாபு உயிரிழந்தார். அங்கும் காங்கிரசு இடம்பெற்ற கூட்டணியே பெருவெற்றி பெற்றது. கர்நாடகத்தில் தேவராசு அரசு அக்காலத்தில் செயற்படுத்திய நிலச்சீர்திருத்தத்தால் உழுத குடிகள் பலர் நிலவுரிமை பெற்றனர். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் 1976இல் இயற்றப்பட்டது.

நிலம் பெற்றவரின் நன்றியும் சிறைப்பட்டவரின் துயரும் ஒரே காலத்து உண்மைகள். நன்மையைக் காட்டி உரிமைப் பறிப்பை நியாயப்படுத்துதல் பிழை. உரிமைப் பறிப்பைக் காட்டி, அன்று வாக்களித்த உழவரை அறியாதவர் என ஒதுக்குதலும் பிழையே. ஒரு கொடுமை நிகழ அதனை விரும்புவோர் மட்டும் போதார்; அதனை ஏற்போரும் வேண்டும். அவர்கள் ஏன் ஏற்றனர் என்பதைக் கூறாத பாடம் கொடுமையின் செயல்முறையை மறைத்து அதன் பெயரை மட்டுமே கற்பிக்கிறது.

பாடநூலின் தொடக்கப் பக்கங்களிலேயே இதற்குச் சான்றுண்டு. தேசியக் குழுவின் நூல்கள் பலவற்றில் அச்சிடப்படும் அரசியலமைப்பு முகப்புரையில் ‘சமதர்ம’, ‘சமயச்சார்பற்ற’ என்னும் பொருளுடைய சொற்கள், அவசரநிலையில் நிறைவேறிய 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் சேர்ந்தவை. அடிப்படைக் கடமைகளும் அத்திருத்தத்தின் வழி வந்தவையே. மாநிலப் பட்டியலிலிருந்த கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியதும் அதுவே. மாணவர் அவசரநிலையைப் படிக்கும் கல்வியமைப்பிலேயே அதன் தடம் பதிந்துள்ளது. ஆகவே அதனை முற்றும் கடந்துபோன ஒன்றாகக் கற்பித்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

சிலம்பு காட்டும் நெறி

அரசின் பிழையை எவ்வாறு எடுத்துரைப்பது என்பதற்குத் தமிழில் தொன்மையான சான்று சிலப்பதிகாரம். கோவலன் கொலையைப் பாண்டியனின் பிழை என்று மட்டும் கூறிக் காப்பியம் அமையவில்லை. ஆராயாது ஆணையிட்ட மன்னன், பொய் கூறிய பொற்கொல்லன், ‘இவன் கள்வனல்லன்’ என ஐயுற்றும் தடுக்காத காவலர், எதனையும் எண்ணாது வாளோச்சிய களிமகன் என அக்கொலை படிப்படியாகக் காட்டப்படுகிறது. ஐயுற்ற காவலர் பின்வாங்கிய இடம் தனித்துக் கருதத்தக்கது. களவு நூல்களை எடுத்துக்காட்டிய பொற்கொல்லனின் சொல்வன்மைக்கு முன் அவர்தம் நேரிய ஐயம் நிலைபெறவில்லை. 1976இல் சட்ட நுணுக்கத்தின் முன் ஆட்கொணர்வு உரிமை வீழ்ந்தமை இதனோடு ஒப்புநோக்கற்குரியது.

சேரர் குடியினராகக் கூறப்படும் இளங்கோவடிகள் பாண்டியனின் வீழ்ச்சியைச் சேரனின் பெருமையாக ஆக்கவில்லை என்பது மற்றொரு சிறப்பு. செய்தியறிந்த செங்குட்டுவன் மகிழாது, அரசாட்சியின் சுமையையே எண்ணி வருந்துகிறான். பிறர் ஆட்சியின் பிழை தன் ஆட்சிக்கும் எச்சரிக்கை எனக் கொள்வது இந்நெறி.

பிறநாட்டு ஒப்பீடு

செருமனியில் 1976இல் பாய்டல்சுபாக் என்னும் ஊரில் கூடிய அரசியல் கல்வியாளர்களிடையே உருவான இசைவு, ஆசிரியர் தம் முடிவை மாணவர்மேல் திணிக்கலாகாது. அறிஞரிடையே கருத்து மாறுபாடுள்ளவை வகுப்பிலும் அவ்வாறே தோன்ற வேண்டும். மாணவர் தம் நிலையை ஆராயும் திறம்பெற வேண்டும் என்னும் மூன்று நெறிகளைத் தந்தது. சப்பானில் வரலாற்றாசிரியர் இயெனாகா சபுரோ அரசின் பாடநூல் தணிக்கையை எதிர்த்து 1965 முதல் 1997 வரை வழக்காடினார். போர்க்காலத்தில் மனிதர்மேல் ஆய்வு நடத்திய படைப்பிரிவு பற்றிய செய்தியை நீக்கச் செய்தது சட்டத்திற்கு மாறானது என இறுதியில் தீர்ப்பாயிற்று. ஒரு செய்தி பாடநூலில் இடம்பெறுவதற்கே இத்துணைப் போராட்டம் வேண்டியிருந்தது.

மாறுபட்ட கருத்துகளைக் காட்டுதல் எல்லாவற்றையும் சமமாக்குதல் ஆகாது. சினேகலதா ரெட்டி விசாரணையின்றிச் சிறையிலிருந்தார் என்பது கருத்தன்று; நிகழ்வு. ‘அவசரநிலைக்குத் தேவை இருந்ததா?’ என்பது விவாதம். நிகழ்வை விவாதமாக்குவதும் விவாதத்தை அடக்குவதும் ஒருங்கே பிழையாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், அவசரநிலைப் பாடம் ஒரு கட்சியின்மேல் சுமத்தும் பழியாக அமையுமாயின் ஆட்சி மாறுந்தோறும் அதுவும் மாறும் என்பது தெளிவாகிறது. ஆணையிட்டோர், அதனை நிறைவேற்றியோர், ஐயுற்றும் அடங்கியோர், பயன்பெற்று ஏற்றோர், மறுத்து இழந்தோர் ஆகிய அனைவரையும் காட்டும் பாடமே அறக்கல்வியாகும். பெங்களூரு மாணவருக்கு இதற்குரிய சான்றுகள் தொலைவில் இல்லை: பூங்காவான சிறையும், வாக்களித்த மூத்தோரும், புட்டசாமி வழக்கும் அண்மையிலேயே உள்ளன. அவற்றைப் பாடத்தோடு இணைப்பதே ஆசிரியர் பணி. தன் ஆட்சியும் அவ்வாறு பிழைக்கக்கூடும் என்பதைத் தன் பாடநூலிலேயே எழுத ஒப்பும் அரசுதான், பிறர் பிழையைக் கற்பிக்கும் தகுதியைப் பெறுகிறது எனலாம்.