காட்டிக்கொடுத்த பேச்சு



இந்த மாதம் ஆவியானவர் என் உள்ளத்தில் வைத்த பாரம் இது. மத்தேயு 26:73-ஐ எடுத்து வாசியுங்கள். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுரு நிற்கிறான். வாயைத் திறந்தான், மாட்டிக்கொண்டான்! கலிலேயாவில் வலை வீசினவரைக்கும் அவன் பேச்சை ஒருவரும் கவனிக்கவில்லை. அங்கே எல்லாருக்கும் அதே பேச்சுதான். எருசலேம் பட்டணத்திலோ அது "வெளியூர்க்காரன்" என்கிற முத்திரையாயிற்று. பேச்சு மாறவில்லை. நின்ற இடம் மாறிற்று. அதன் அர்த்தமும் மாறிப்போயிற்று.

நம்முடைய ஜனங்களுக்கும் இது நடந்ததே! பிழைப்புக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய் தாராவிக்குப் போனவர்கள் எத்தனை பேர்! மெட்ராசைக் கண்ணால் பாராதவனுக்கும் அங்கே "மதராசி" என்று பேர். 1960-களின் கடைசியில் அந்தப் பேரைச் சொல்லியே தென்னாட்டு ஜனங்களை அடித்தார்கள், கடைகளை உடைத்தார்கள்.

இன்றைக்குச் சென்னையில் என்ன நடக்குது பாருங்க. ஒடிசாவிலிருந்து ஒரு தம்பி கட்டட வேலைக்கு வருகிறார். ஒடிசா இருப்பது கிழக்கே. ஆனாலும் நம் வாயில் அவர் "வடக்கன்". அவர் தாய் பேசினது ஒடியா. நாம் அதையும் "இந்தி" என்கிறோம். நாம் ஏறிப்போகிற மேம்பாலத்தில் அவர் வியர்வை இருக்கிறது. அவர் பேர் என்னன்னு கேட்டோமா? 2020-இல் ஊரடங்கு வந்தபோது, பட்டணங்களைக் கட்டினவர்களே அந்தப் பட்டணங்களை விட்டு நடந்தே ஊருக்குப் போனார்களே, பிரியமானவர்களே!

இப்போது அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அதே எருசலேம், அதே பேதுரு. இடையில் ஏழெட்டு வாரந்தான். பார்த்தர், மேதர், எகிப்தியர், ரோமர், அரபியர் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். கடைவீதியில் சமாளிக்க அவர்களுக்கு ஏதோ ஒரு பொதுப் பாஷை இருந்திருக்கும். தேவன் அதோடு நிறுத்தினாரா? இல்லை! அவனவன் பிறந்த பாஷைக்கே இறங்கி வந்தார். அதைப் பேசினது யார்? பேச்சினால் பிடிபட்ட அந்தக் கலிலேயர்தான். அல்லேலூயா!

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கின சீகன்பால்கு ஐயரை நினையுங்கள். அந்தத் துறைமுகத்தில் போர்த்துகீசு பேசியே காலம் தள்ளியிருக்கலாம். அவரோ பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் "அ, ஆ" எழுதிப் படித்தார். 1715-இல் தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. நம் பாஷையில் வசனம் வர, ஒரு அந்நியர் நம் தெருவில் மாணவனாய் உட்கார வேண்டியிருந்தது.

தேவபிள்ளையே, இப்போது உன் முறை. லேவியராகமம் 19:34-ஐ முழங்காலில் நின்று வாசி. எகிப்தை மறந்த ஜனமாய் நாம் இருக்கக்கூடாது. உன் தெருவில் இருக்கிற அந்தத் தம்பியிடம் போய்ப் பேரைக் கேள். "சாப்பிட்டீங்களா?" என்பதை அவர் பாஷையில் கற்றுக்கொள். அவர் ஆராதனைக்கு வந்தால் வாசலோரம் தனியே விடாதே. பாஷை தெரிந்த ஒரு வாலிபனை அருகே உட்காரவைத்து, காதோடு மொழிபெயர்க்கச் சொல். மேல்வீட்டு அக்கினி தெருவுக்கு இறங்கட்டும்!

கர்த்தர் தாமே நம் நாவைத் தொட்டு, இந்தப் பட்டணத்துக்கு ஆசீர்வாதமாக வைப்பாராக. ஆமென்.